பிரம்பு பிய்ந்த நாற்காலி

பாரிஸிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் ஒரு பழைய தேக்கு நாற்காலி ஏலத்துக்கு வந்தால், வாங்க நினைப்பவர் முதலில் குனிந்து அதன் பின்பக்கத்தைப் பார்க்கிறார். மரத்தின்மேல் பெயின்ட்டில் சில எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கின்றனவா என்று தேடுகிறார். பஞ்சாப் பல்கலைக்கழகம், உயர்நீதிமன்றம், ஏதோ ஒரு கல்லூரியின் நூலகம் என்று அது எந்த அலுவலகத்துச் சொத்து என்பதைச் சொல்லும் குறி அது. இருப்புப் பதிவேட்டில் கணக்குக் காட்ட வேண்டுமே என்று சண்டிகரில் யாரோ ஓர் ஊழியர் எழுதிவிட்டுப் போனது. எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. இல்லாமல் போனால்தான் சந்தேகம். போலி செய்பவர்களுக்கும் இது தெரியும். அவர்களும் மறக்காமல் ஓர் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள்.

இதே நாற்காலிகள் 1990களில் சண்டிகரின் அரசுக் கட்டடங்களில் மொட்டை மாடியிலும் படிக்கட்டின் அடியிலும் குவிந்து கிடந்தன. பிரம்பு பிய்ந்து தொங்கியது, கால் ஆடியது, கைப்பிடி கழன்றது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். கழிவு ஏலத்தில் சில நூறு ரூபாய்க்குப் போயின. விறகுக்கு என்று வாங்கியவர்களும் உண்டு. இன்று அதே நாற்காலி ஒன்றுக்குப் பல ஆயிரம் டாலர் கொடுக்க ஆள் இருக்கிறது.

நவீன நாற்காலிகளைப் பற்றி எழுதுபவர்கள், சில வடிவங்கள் மட்டும் ஏன் பழசாவதில்லை என்ற கேள்விக்குக் கோட்டின் அழகு, அளவின் பொருத்தம், வடிவமைத்தவரின் மேதைமை என்று பதில் சொல்வது வழக்கம். பொய்யில்லை, ஆனால் அது பாதிக் கதை. நாற்காலி உட்கார்ந்து தேய்க்கிற பொருள். உட்காருகிற இடம் பிய்ந்தபோது அதைப் பின்னிக் கொடுக்க ஆள் இருந்ததா, பின்னிக் கொடுக்கும்படி அது செய்யப்பட்டிருந்ததா என்பதில்தான் மீதிக் கதை இருக்கிறது. அதைச் சொல்ல 19ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும்.

ரைன் ஆற்றங்கரையில் உள்ள போப்பார்டு என்ற சிற்றூரில் 1796-இல் பிறந்தவர் மைக்கேல் தோனெட். மரச்சாமான் செய்யும் தச்சர். அந்நாளில் நாற்காலிக்கு வளைந்த கால் வேண்டுமென்றால் பெரிய கட்டையிலிருந்து செதுக்கித்தான் எடுக்க வேண்டும். பாதி மரம் சிராயாகப் போகும். மிஞ்சியதும் உறுதியாக இருக்காது. வளைவில் மரத்தின் ரேகை வெட்டுப்பட்டுப் போவதால் அந்த இடத்திலேயே ஒடியும். 1830களில் தோனெட் வேறு வழி தேடினார். மெல்லிய மரத்தகடுகளைக் கட்டுக்கட்டாகப் பசையில் வேகவைத்து, அச்சில் வளைத்துக் காயவிட்டார். 1841-இல் கோப்லென்ஸ் கண்காட்சியில் இந்த வேலைப்பாட்டைப் பார்த்தவர் ஆஸ்திரியப் பேரரசின் அமைச்சர் மெட்டர்னிக். அவருடைய அழைப்பை நம்பி 1842-இல் தோனெட் வியன்னாவுக்குப் போனார். ஊரில் இருந்த சொத்து கடனுக்குப் போயிற்று.

வியன்னாவில் முதலில் கிடைத்தது லீக்டன்ஸ்டைன் பிரபுவின் அரண்மனையில் வேலை. அரண்மனை வேலையில் பெயர் வரும், பணமும் ஓரளவு வரும். ஆனால் ஒரு வீட்டுக்கு எத்தனை நாற்காலி வேண்டியிருக்கும்? 1850 வாக்கில் நகரத்தின் பெயர்பெற்ற காபிக் கடைகளில் ஒன்றான ‘கஃபே டௌம்’ தோனெட்டிடம் நாற்காலிகள் வாங்கியது. காபிக் கடைக்கு நாற்காலி டஜன் கணக்கில் வேண்டும். லேசாக இருக்க வேண்டும், ஏனென்றால் பரிமாறுபவர் நாளெல்லாம் அதை இழுத்துப் போடுகிறார். காபி கொட்டினால் ஊறிப்போகக் கூடாது. பிரபுக்களுக்குச் செய்துகொண்டிருந்த தச்சருக்குத் தன் உண்மையான வாடிக்கையாளர் யார் என்பது அங்கேதான் தெரிந்தது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. பசையில் ஒட்டிய நாற்காலி கப்பலேறி ஈரப்பதம் மிகுந்த வெப்பநாடுகளுக்குப் போனால் பசை விட்டுக்கொண்டது. பசையே இல்லாமல் முழுக் கட்டையை வளைக்க முடியுமா? கட்டையை வளைக்கும்போது உள்வளைவு சுருங்குகிறது, வெளிவளைவு நீள்கிறது. ஆவியில் வெந்த மரம் சுருங்குவதைத் தாங்கும், நீள்வதைத் தாங்காது. வெளிப்பக்கம் சிம்பு சிம்பாகத் தெறித்துவிடும். தோனெட் அந்த வெளிப்பக்கத்தில் ஓர் எஃகுப் பட்டையை வைத்து இரு முனைகளிலும் இறுக்கிப் பிடித்தார். பட்டை நீளவிடாது. அதனால் மரம் முழுவதும் சுருங்கியபடியே வளைந்தது, தெறிக்கவில்லை. பிறகு இரும்பு அச்சோடு சேர்த்து உலர்கூடத்தில் வைத்தால் வளைவு அப்படியே நின்றுவிடும். 1856-இல் இதற்கு 13 ஆண்டு தனியுரிமை கிடைத்தது. மரம் வளைக்கும் பல பட்டறைகளில் இன்றும் இந்தப் பட்டை முறைதான்.

உரிமை கையில் வந்ததும் குடும்பம் வியன்னாவை விட்டுக் காட்டுக்குப் போனது. இன்றைய செக் நாட்டில் உள்ள மொராவியாவின் கோரிட்சான் ஊரில் தொழிற்சாலை எழுந்தது. சுற்றிலும் பீச் மரக் காடு. நிறுவனத்தை 1853-லேயே தோனெட் தன் ஐந்து மகன்களின் பெயருக்கு மாற்றியிருந்தார். காட்டோரக் கிராமத்து மக்களே தொழிலாளர்கள். பரம்பரைத் தச்சர்கள் தேவைப்படவில்லை. ஒருவர் மரத்தை ஆவியில் வேகவைப்பார், இருவர் வளைப்பார்கள், வேறொருவர் தேய்ப்பார். ஒரு நாற்காலியை முதலிலிருந்து கடைசிவரை செய்யத் தெரிந்த ஆள் அந்தத் தொழிற்சாலையில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

1859-இல் அங்கிருந்து வந்ததுதான் 14ஆம் எண் நாற்காலி. பெயர்கூட வைக்கவில்லை, பட்டியலில் உள்ள வரிசை எண்தான். வடிவம் முழுமை பெற்றபோது அதில் ஆறு மரத்துண்டுகள் இருந்தன. முதுகும் பின்னங்கால் இரண்டும் சேர்ந்து ஒரே நீண்ட வளைவு. அதற்குள் இன்னொரு சிறு வளைவு. உட்கார ஒரு வளையம், கால்களைக் கட்டிப்போடக் கீழே ஒரு வளையம், முன்னங்கால் இரண்டு. இணைக்கப் பத்துத் திருகாணி, இரண்டு மரை. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின. போய்ச்சேரும் ஊரில் திருப்புளி பிடிக்கத் தெரிந்த எவரும் அதைப் பூட்டிவிடலாம். ஒரு கால் போனால் அந்தக் காலை மட்டும் மாற்றலாம்.

உட்காரும் வளையத்தை நிரப்பியது பிரம்பு. இந்தப் பின்னல் நம் ஊர் அலுவலகங்களில் பலரும் உட்கார்ந்து பழகியதுதான், பின்னியதைப் பார்த்தவர்கள் குறைவு. வளையத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருக்கும். பிரம்பின் மேல்தோலை நாடாவாகச் சீவி, நீரில் ஊறவைத்து, முதலில் நெடுக்கே ஒரு நடை, அதன்மேல் குறுக்கே ஒரு நடை. மறுபடி நெடுக்கு. நான்காவதாக வரும் குறுக்கு நாடா மேலும் கீழுமாக ஊடி வர வேண்டும். அங்கேதான் பின்னல் பிடிக்கத் தொடங்கும். பிறகு மூலைக்கு மூலை இரண்டு நடை. ஆறு நடையும் முடிந்தால் எண்கோணக் கண்கள் தெளிவாகத் தெரியும். மூலை நடையில் ஒரு நாடா தவறான பக்கம் நுழைந்தால் உட்காரும்போதெல்லாம் நாடாக்கள் ஒன்றையொன்று அறுக்கும், சீக்கிரம் பிய்யும். நாடா உலரும்போது சுருங்கி முரசுத்தோல்போல் விறைத்துக்கொள்ளும். காற்று போகும், காபி தங்காது, எடை மிகக் குறைவு. பிய்ந்தால் பழைய பிரம்பை வெட்டி எடுத்துவிட்டு அதே துளைகளில் மறுபடி பின்னலாம். மரச்சட்டம் நூறாண்டு இருக்கலாம். உட்காரும் இடம் பலமுறை புதிதாகிவிடும்.

1869-இல் தனியுரிமைக் காலம் முடிந்ததும் யாகப் – யோசெப் கோன் நிறுவனம் உட்படப் போட்டியாளர்கள் பலர் அதே வளைவுகளைச் செய்யத் தொடங்கினர். தோனெட் 1871-இல் இறந்தார். நாற்காலி நிற்கவில்லை. 1930க்குள் அந்த ஒரு வடிவம் மட்டும் 5 கோடி விற்றதாகக் கணக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செக் நாட்டுத் தொழிற்சாலைகள் அரசுடைமையாயின. குடும்பத்திடம் ஜெர்மனியின் ஃபிராங்கன்பெர்க் தொழிற்சாலை மிஞ்சியது. இன்று இரண்டு நாட்டிலும் வளைமர நாற்காலி உற்பத்தி நடக்கிறது. ஜெர்மன் பட்டியலில் 14 என்ற எண் 214 ஆகிவிட்டது. பம்பாயின் இரானி கஃபேக்களில் சலவைக்கல் மேசையைச் சுற்றி நின்ற கறுத்த வளைமர நாற்காலிகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

மலிவான காபிக் கடை நாற்காலியைக் கலைப்பொருளாகப் பார்க்கவைத்தவர் கட்டடக்கலைஞர் லெ கார்பூசியே. 1925-இல் பாரிஸில் நடந்த அலங்காரக்கலைக் கண்காட்சியில் தன் மாதிரி வீட்டுக்கு அவர் விலையுயர்ந்த இருக்கை எதையும் செய்விக்கவில்லை. கடையில் கிடைத்த தோனெட் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். மற்ற அரங்குகளில் கருங்காலியும் தந்தமும் இழைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டைச் சேர்ந்து வடிவமைத்தவர் அவருடைய உறவுத் தம்பி பியர் ஜானெரே. 1927-இல் ஷார்லோத் பெரியான் என்ற இளம்பெண் அவர்களோடு சேர்ந்தார். மூவரும் எஃகுக் குழாயில் செய்த இருக்கைகள் 1929-இல் காட்சிக்கு வந்தன. சாய்ந்து படுக்கும் அந்த நீள நாற்காலி இன்றும் பெரிய நிறுவனங்களின் வரவேற்பறையில் கிடக்கிறது. அழகுதான், ஆனால் சாமானியர் வீட்டுக்கு அது எந்தக் காலத்திலும் வந்ததில்லை. முதலில் அதைத் தயாரித்ததும் தோனெட் நிறுவனமே.

எஃகுக் குழாயை நாற்காலிக்குக் கொண்டுவந்த பெருமை மார்செல் ப்ரூயருடையது. 1925-இல் ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில், பௌஹவுஸ் கலைப்பள்ளியில் இருந்தபோது ஒரு சைக்கிள் வாங்கினார். அதன் கைப்பிடிக் குழாயின் வளைவைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அடுத்த சில ஆண்டுகளில் பின்னங்காலே இல்லாத, முன்னே வளைந்து தாங்கும் குழாய் நாற்காலிக்கு யார் உரிமையாளர் என்று ஜெர்மன் நீதிமன்றங்களில் பெரிய வழக்கு நடந்தது. டச்சுக்காரர் மார்ட் ஸ்டாம் எரிவாயுக் குழாய்த் துண்டுகளை இணைத்து முதலில் செய்தவர். தீர்ப்பு அவர் பக்கம் போயிற்று. ஆனால் 1928-இல் ப்ரூயர் செய்த வடிவம்தான் மக்களிடம் நிலைத்தது. காரணம் குழாய் அல்ல என்று தோன்றுகிறது. வெறும் எஃகுக்கு நடுவே அவர் மரச்சட்டம் பூட்டி, அதில் தோனெட்டின் பிரம்புப் பின்னலை வைத்தார். குளிர்ந்த உலோகத்தை அது வீட்டுக்குள் விட்டது. பின்னாளில் ஓர் இத்தாலியத் தயாரிப்பாளர் அதற்கு ப்ரூயரின் மகள் பிரான்செஸ்காவின் பெயரைச் சுருக்கி ‘செஸ்கா’ என்று வைத்தார்.

இந்தக் குழாய் வம்சத்துக்குத் தமிழ்நாட்டில் பெயர் தெரியாத கிளை ஒன்று உண்டு: வளைத்த இரும்புக் குழாயில் பிளாஸ்டிக் ஒயர் பின்னிய நாற்காலி. பச்சையும் வெள்ளையும், சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டம் போட்டு, ஒரு தலைமுறையின் திண்ணைகளிலும் முன்கூடங்களிலும் இருந்தது. எந்தக் கலைநூலும் அதைப் படம் பிடித்ததில்லை. ஒயர் அறுந்தால் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருபவர் வாசலிலேயே உட்கார்ந்து பின்னிக் கொடுத்துவிட்டுப் போவார். கூடை பின்னத் தெரிந்த வீட்டுப் பெண்கள் அதற்கும் காத்திருப்பதில்லை. பழைய நிறத்தில் ஒயர் கிடைக்காதபோது கிடைத்த நிறத்தில் பின்னியதால், பல நாற்காலிகளுக்கு முதுகு ஒரு நிறம், இருக்கை வேறு நிறம்.

சண்டிகருக்கு வருவோம். பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனதால் இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகரம் இல்லை. புதிய நகரத்துக்கு முதலில் திட்டம் போட்ட அமெரிக்கர் ஆல்பர்ட் மேயரின் கூட்டாளி மாத்யூ நோவிட்ஸ்கி 1950-இல் விமான விபத்தில் இறந்தார். புதிய ஆள் தேடி ஐரோப்பா போன இந்திய அதிகாரிகள் இங்கிலாந்தின் மேக்ஸ்வெல் ஃப்ரை – ஜேன் ட்ரூ தம்பதியையும் லெ கார்பூசியேவையும் பிடித்து வந்தார்கள். கார்பூசியே ஆண்டுக்கு இருமுறை வந்து போவதாக ஒப்பந்தம். ஊரிலேயே தங்கி வேலையை நடத்த ஜானெரேவை வரவழைத்தார். போர்க்காலத்தில் இருவருக்கும் அரசியலில் முட்டிக்கொண்டு, பத்தாண்டு விலகியிருந்தவர்கள். 1951-இல் வந்த ஜானெரே 1965 வரை சண்டிகரிலேயே இருந்தார். பஞ்சாபின் தலைமைக் கட்டடக்கலைஞர் ஆனார். அண்ணனின் பெயர் உலகெங்கும் பரவியது. ஜானெரே சுக்னா ஏரிக்கு மிதிபடகு வடிவமைத்துக்கொண்டு, மூங்கிலையும் கயிற்றையும் வைத்துத் தன் வீட்டுக்கு நாற்காலி செய்து பார்த்துக்கொண்டு, உள்ளூர்க்காரர்போல் ஆகிவிட்டார்.

நகரம் முழுக்கப் புதிது. செயலகம், நீதிமன்றம், பல்கலைக்கழகம், ஆயிரக்கணக்கான அரசு வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் மேசை நாற்காலி வேண்டும். வாங்கிப் போட அந்த அளவில் தயாரிப்பவர் யாரும் பக்கத்தில் இல்லை. ஜானெரேயின் குழு வரைபடம் போட்டது, ஒப்பந்தக்காரர்கள் எடுத்தார்கள், பஞ்சாபின் சிறு பட்டறைகளில் தச்சர்கள் செய்தார்கள். வளைமரமும் எஃகுக் குழாயும் இந்தக் கணக்கில் வரவே இல்லை. அவற்றுக்கு யந்திரம் வேண்டும். கையில் இருந்தது தேக்கு, பிரம்பு, உளி, இழைப்புளி. தேக்கைக் கரையான் எளிதில் தொடாது, மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளாது. கவராயத்தை விரித்து நிறுத்தியதுபோல் இரண்டு பக்கமும் இரண்டு மரக் கால்கள், அவற்றின்மேல் கைப்பிடி, நடுவில் பிரம்புச் சட்டம் இரண்டு. நேர்வெட்டுகள்தான், செதுக்கல் இல்லை. ஓரளவு கைத்திறன் உள்ள எந்தத் தச்சரும் படத்தைப் பார்த்துச் செய்துவிடலாம். அதனால்தான் ஒரே வடிவத்தில் செய்த இரண்டு நாற்காலிகளின் கால் தடிமன்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

இந்தக் குழுவில் ஜானெரேவோடு இந்தியக் கட்டடக்கலைஞர்களும் இருந்தார்கள். யூலி சௌத்ரி என்ற பெண் கட்டடக்கலைஞருக்கு மரச்சாமான்களில் பெரும்பங்கு உண்டு. ஏலப் பட்டியல்களில் நெடுங்காலம் ஜானெரேயின் பெயர் மட்டுமே இருந்தது, அது நியாயமில்லை. செய்த தச்சர்களின் பெயரோ எங்குமே இல்லை. பெயின்ட்டில் எழுதிய அலுவலகக் குறிக்குக் கிடைத்த மரியாதைகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஏன் இவை மொட்டை மாடிக்குப் போயின? வடிவம் பழசானதாலா? ஃபோம் மெத்தையும் சக்கரமும் வைத்த நாற்காலிகள் 1980களுக்குப் பிறகு அலுவலகங்களுக்கு வந்தது உண்மை. புதிய நாற்காலி பதவியின் அடையாளமும்கூட. ஆனால் முதல் அடி பிரம்பில்தான் விழுந்திருக்க வேண்டும். வட இந்தியக் கோடையின் வறட்சியில் பிரம்பு மொறுமொறுத்துப் போகும். சில ஆண்டுக்கு ஒருமுறை பின்னியாக வேண்டும். இந்தியாவில் பார்வையற்றோர் பள்ளிகளில் நாற்காலி பின்னுவது நெடுங்காலம் ஒரு கைத்தொழில் பாடம். துளையையும் நாடாவையும் விரலால் தடவியே செய்துவிடக்கூடிய வேலை அது. ரயில்வே போன்ற துறைகளில் நாற்காலி பின்னுபவர் என்றே பணியிடம் இருந்தது. பிளாஸ்டிக்கும் ஃபோமும் வந்த பிறகு அந்த வேலை மெல்ல அற்றுப்போனது. பின்ன ஆளில்லாத அலுவலகத்தில் பிரம்பு பிய்ந்த நாற்காலிக்கு ஒரே வழி கழிவுப் பட்டியல். புதிது வாங்க நிதி ஒதுக்கீடு உண்டு. பழையதைப் பின்ன யாரைத் தேடி எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது?

1990களின் இறுதியிலிருந்து பாரிஸின் கலைப்பொருள் வணிகர்கள் சிலர் அந்தக் கழிவு ஏலங்களுக்கு வந்தார்கள். கேட்ட விலையைக் கொடுத்துச் சட்டப்படி வாங்கினார்கள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறாண்டுக்குக் குறையாத பொருளைத்தான் காக்கிறது. நாற்காலிகளுக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை. கப்பலேறிய மரம் பிரான்சில் சுத்தம் செய்யப்பட்டு, மெருகேறி, புதுப் பிரம்பு பின்னப்பட்டு ஏலத்துக்கு வந்தது. நகரத்தின் வரைபடம் பொறித்த வார்ப்பிரும்புச் சாக்கடை மூடிகளும் அதே வழியில் போயின. வணிகர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று திட்டுவது எளிது. அவர்கள் வந்திராவிட்டால் பாதி நாற்காலிகள் அடுப்பில் போயிருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பிரான்சில் அவர்கள் செய்த முக்கிய வேலை பிரம்பைப் பின்னியதுதான். சண்டிகரில் செய்திருக்க வேண்டியதும் அதுவே.

அமெரிக்கக் கலைஞர் ஏமி சீகல் இந்தப் பயணத்தைப் பின்னிருந்து முன்னாக 2013-இல் படமாக்கினார். செல்வந்தர் வீட்டில் தொடங்கி, ஏலக்கூடம், மெருகூட்டும் பட்டறை, கப்பல் என்று வந்து சண்டிகர் அலுவலகத்தில் முடியும் படம். அதே ஆண்டு லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் அந்தப் படத்தையே விற்றார்; விற்றதையும் இன்னொரு படமாக எடுத்தார். நாற்காலி வியாபாரத்தைப் பற்றி இதைவிடக் குறும்பான விமர்சனம் வந்ததில்லை.

2011-இல் மத்திய உள்துறை இந்தப் பொருள்களை விற்கவும் ஏற்றுமதி செய்யவும் தடை போட்டது. சண்டிகரில் 12,000-க்கும் மேற்பட்டவை பாரம்பரியப் பொருள்களாகக் கணக்கெடுக்கப்பட்டன. தடைக்குப் பிறகும் வெளிநாட்டு ஏலங்கள் ஓயவில்லை. 2019-இல் இத்தாலியின் காஸ்ஸினா நிறுவனம் அந்த அலுவலக நாற்காலியைப் புதிதாகத் தயாரிக்கத் தொடங்கியது. பெங்களூரில் ஃபாந்தம் ஹேண்ட்ஸ் என்ற நிறுவனம் அதற்கும் முன்பே தச்சர்களையும் பிரம்பு பின்னுபவர்களையும் வைத்து இந்த வகை நாற்காலிகளைச் செய்துவந்தது. இணையத்தில் ‘சண்டிகர் சேர்’ என்று தேடினால் ஜோத்பூரிலிருந்து இந்தோனேசியாவரை எத்தனையோ பட்டறைகளின் நகல்கள் வரிசைகட்டி வரும்.

சண்டிகருக்குப் பதினைந்து ஆண்டு முன்பே, தேக்கில் நவீன நாற்காலி செய்த இன்னோர் இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. ஹைதராபாத் திவான் அக்பர் ஹைதரி பெற்றுத்தந்த நன்கொடையில் எழுந்ததால் அந்தப் பெயர். வடிவமைத்தவர் டோக்கியோவில் தொழில் நடத்திய அன்டோனின் ரேமண்ட்; அவருடைய அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்தவர் ஜப்பானிய–அமெரிக்கரான ஜார்ஜ் நகாஷிமா. 1937 முதல் 1939 வரை புதுச்சேரியில் இருந்தார். அரவிந்தர் அவருக்கு ‘சுந்தரானந்தா’ என்று பெயர் சூட்டினார். விடுதி அறைகளுக்கான தேக்குச் சாமான்களையும் அவரே வடிவமைத்தார். அமெரிக்கா திரும்பியவரைப் போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினருக்கான முகாமில் அடைத்தார்கள். அங்கே ஒரு ஜப்பானியத் தச்சரிடம் தொழில் நுணுக்கம் கற்றார். ரேமண்ட் பொறுப்பேற்றதால் 1943-இல் வெளியே வந்து, பென்சில்வேனியாவில் பட்டறை வைத்தார். இன்று அவருடைய நாற்காலிகளும் ஏலக்கூடங்களில் பெரிய விலைக்குப் போகின்றன.

கோல்கொண்டேயின் நாற்காலிகள் ஏலத்துக்கு வரவில்லை. அது இன்றும் ஆசிரமத்தின் விடுதி. அறைகளில் ஆட்கள் தங்குகிறார்கள், அந்தச் சாமான்களைப் பயன்படுத்துகிறார்கள். துடைப்பது, பழுது பார்ப்பது எல்லாம் அங்கே அன்றாட வேலையின் பகுதி. விருந்தினர் எப்படிப் புழங்க வேண்டும் என்பதற்கும் கண்டிப்பான விதிகள் உண்டு. கடற்காற்றின் உப்பிலும் ஈரத்திலும் எண்பது ஆண்டைக் கடந்த தேக்கு அங்கே நன்றாகவே இருக்கிறது. சண்டிகரின் நாற்காலியைவிடக் கோல்கொண்டேயின் நாற்காலி சிறந்த வடிவம் என்று சொல்வதற்கில்லை. ஒன்றுக்குப் பராமரிப்பாளர் இருந்தார்; மற்றதற்கு இருப்புப் பதிவேடு மட்டும் இருந்தது.

உலகில் மிக அதிகம் பேர் உட்காரும் நவீன நாற்காலியோ இந்த ஏல உலகத்தில் இல்லவே இல்லை. இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நட்டா 1954-இல் உருவாக்கிய பாலிப்ரொப்பிலீனை வைத்து இங்கிலாந்தின் ராபின் டே 1963-இல் ஒரு நாற்காலி செய்தார். இருக்கை பிளாஸ்டிக், கால் இரும்பு. 1972-இல் பிரான்சின் ஆன்ரி மாசோனே காலையும் சேர்த்து ஒரே அச்சில், இரண்டு நிமிடத்துக்குள் வார்த்தெடுத்தார். நம் கல்யாண மண்டபத்திலும் கட்சிக் கூட்டத்திலும் சாவு வீட்டுப் பந்தலிலும் அடுக்கிவைக்கும் பிளாஸ்டிக் சேர் அந்த முறையின் பிள்ளை. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரம் ஊரின் அழகு கெடுகிறது என்று 2008 முதல் 2017 வரை இதைப் பொது இடங்களில் தடை செய்திருந்தது. அந்த 2017-லேயே, பாசெலை ஒட்டி எல்லைக்கு அப்பால் வைல் நகரில் உள்ள விட்ரா வடிவமைப்பு அருங்காட்சியகம் இதற்கென்று தனிக் கண்காட்சி வைத்தது.

தோனெட் கனவு கண்ட அத்தனையும் இதில் உண்டு: மலிவு, எடைக்குறைவு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் வசதி. இல்லாதது ஒன்றுதான். கழற்ற முடியாது, பின்ன முடியாது. பாலிப்ரொப்பிலீனில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, ஆகவே ஒட்டவும் முடியாது. கால் விரிந்தால் தூக்கிப்போடத்தான் வேண்டும் என்று அச்சு செய்தவர் நினைத்திருப்பார். நம் ஊர் வாடகைப் பாத்திரக் கடைக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. விரிசலின் இருபுறமும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போட்டு, கட்டுக்கம்பியால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து, அடுத்த முகூர்த்தத்துக்கு வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். கம்பியின் முனையை மட்டும் அடிப்பக்கமாக மடக்கி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட வேண்டும். யாருடைய பட்டுச்சேலையிலாவது மாட்டிக்கொண்டால் வாடகைப் பணம் வராது.